ஒரு றெஜிபோம் பெட்டிக்குப் பாதை கேட்டது: மூதூர் கிழக்கு, 2006

2006 மே மாதம் தொடங்கி ஓகஸ்ட் முதல் வாரம் வரை, திருகோணமலை நகரிலிருந்து மூதூர் கிழக்குக் கிராமங்களுக்கு இன்சுலினும் குழந்தைப் பால்மாவும் கொண்டுபோக எடுத்த முயற்சி பற்றிய பதிவு இது. இன்சுலின் போனது றெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்) பெட்டியில். நான் அப்போது நகரில் இயங்கிய ஒரு சிறு உள்ளூர் அமைப்பில் இணைப்பாளர். யாருடைய பெயரையும் எழுதவில்லை. இதில் வருபவர்களில் சிலர் இன்றும் அதே ஊர்களில்தான் சீவிக்கிறார்கள். உதவிப் பணிக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு, பாதை கேட்பது, அதாவது உதவிப்பொருள் போக இரு தரப்பிடமும் அனுமதி கேட்பது, உண்மையில் என்ன வேலை என்று காட்ட வேண்டும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

பின்னணி

கொட்டியாரக் குடாவின் தென்கரையில் மூதூர் பட்டினம் இருக்கிறது. அது அரசாங்கக் கட்டுப்பாட்டில் இருந்தது. பட்டினத்தைத் தாண்டிக் கிழக்கே போனால் சம்பூர், கடற்கரைச்சேனை, பாட்டாளிபுரம், இலக்கந்தை ஆகிய ஊர்கள் விடுதலைப் புலிகளின் பிடியில். தெற்கே ஈச்சிலம்பற்றும் அப்படித்தான். இரண்டு பக்கத்துக்கும் நடுவே ஒரு காவலரணும், அதற்கு அப்பால் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு வெறும் வீதித்துண்டும் இருந்தன.

2002 பெப்ரவரி 22இல் நோர்வேயின் அனுசரணையோடு கையெழுத்தான போர்நிறுத்த உடன்படிக்கை அப்போதும் செல்லுபடியாகும் ஆவணமாகத்தான் இருந்தது. அதன் 2.6 ஆவது பிரிவு, இராணுவத் தேவைக்கல்லாத பொருள்கள் தடையின்றிப் போய்வர வேண்டும் என்கிறது. விலக்குகள் பின்னிணைப்பில் இருந்தன: வெடிபொருள், முள்கம்பி, தொலைநோக்கி, திசைகாட்டி, பென்டோர்ச் பற்றரி முதலியவை. டீசல், பெற்றோல், சீமெந்து, இரும்புக் கம்பி ஆகியவற்றை அளவு வைத்து அனுப்பலாம். இந்தப் பின்னிணைப்பு பிறகு எங்களுக்கு எவ்வளவு முக்கியமாகப் போகிறது என்று அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அதை ஒழுங்காக வாசித்தவர்களே எங்களுக்குள் இல்லை.

2006 ஏப்ரலில் எல்லாம் கெட்டது. ஏப்ரல் 12 நகர மரக்கறிச் சந்தையில் குண்டு வெடித்து, அதையடுத்துத் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. ஏப்ரல் 25 கொழும்பில் இராணுவத் தளபதி மீது தற்கொலைத் தாக்குதல் நடந்தது. அன்று மாலையே மூதூர் கிழக்கின் மீது விமானக் குண்டுவீச்சு தொடங்கியது. சனம் வீடுகளை விட்டுக் காட்டோரங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் ஓடியது. காவலரண் மூடப்பட்டது.

என்ன கண்டோம்

மே முதல் வாரத்தில் அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது. பள்ளிக்கூடக் கொப்பித் தாளில், அங்குள்ள சிறு வைத்தியசாலையில் வேலைசெய்த ஒருவர் எழுதியது. இன்சுலின் போடுகிறவர்கள் 20 பேருக்கு மேல், கையிருப்பு 3 கிழமைக்கு. குளிர்சாதனப் பெட்டி மண்ணெண்ணெயில் ஓடுவது, எண்ணெய் முடிகிறது. தாய்ப்பால் கிடைக்காத கைக்குழந்தைகள் சிலர். கடைசி வரியில், சோறு இல்லாவிட்டால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம், மருந்துக்கு வழியில்லை என்று எழுதியிருந்தார். கடிதத்தைக் கொண்டுவந்தவர் ஒரு நோயாளியோடு துணைக்கு வர அனுமதி பெற்ற ஒரு தகப்பன்.

எங்கள் அமைப்போடு சேர்ந்து வேலைசெய்த ஓய்வுபெற்ற மருந்தாளர் ஒருவர் இருந்தார். கடிதத்தை அவர் இரண்டு தரம் வாசித்துவிட்டு, “தம்பி, அரிசி பிந்தினால் சனம் மெலியும். இது பிந்தினால் சனம் சாகும். ரெண்டையும் ஒரே பட்டியலில போடாதேங்கோ” என்றார். நாங்கள் கேட்கவில்லை.

முதல் முயற்சியும் எங்கள் பிழையும்

மே நடுப்பகுதியில் ஒரு பொதுவான விண்ணப்பம் எழுதினோம். உலருணவு, மருந்து, பால்மா, எரிபொருள், தறப்பாள், கூரைத்தகடு எல்லாம் ஒரே தாளில். பிரிகேட் அலுவலகத்தில் ஒரு மேஜர் எங்களைச் சந்தித்தார். மரியாதையாகவே பேசினார். மருந்து போகலாம் என்று வாயால் சொன்னார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டு ஒரு லொறியைக் கந்தளாய், சேருநுவர, தோப்பூர் வழியாகச் சுற்றி மூதூருக்கு அனுப்பினோம். கிண்ணியா வழியில் படகால் கடக்க வேண்டிய துறைகளுக்கு அப்போது பாலம் இல்லை.

காவலரணில் நின்ற சார்ஜனிடம் எந்தத் தாளும் வந்திருக்கவில்லை. மேஜர் சொன்னார் என்று நாங்கள் சொன்னோம். அவர் தன் பதிவுப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். அன்றைய பக்கம் வெறுமையாக இருந்தது. அவர் மீது எனக்கு அன்று கோபம் வந்தது. இப்போது யோசித்தால், தாளில்லாமல் ஒரு லொறியை விட்டு, அதற்குள் ஏதாவது இருந்து, நாளைக்குத் தன் ஆள்கள் செத்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். லொறி 4 மணித்தியாலம் வெயிலில் நின்றது. கொண்டுபோன இன்சுலின் குப்பிகள் அத்தனையும் சூடேறிவிட்டன. மருந்தாளர் அவற்றை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒரு பக்கம் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை.

கண்காணிப்புக் குழுவிடம் போனது

மாவட்டத்துக்கு ஒரு உள்ளூர்க் கண்காணிப்புக் குழு இருந்தது. அரசாங்கம் நியமித்த இருவர், புலிகள் நியமித்த இருவர், தலைமைக்கு ஒரு சர்வதேசக் கண்காணிப்பாளர் என்பது உடன்படிக்கையின் ஏற்பாடு. அங்கே 2.6 ஆவது பிரிவைச் சொல்லி முறையிட்டோம். கண்காணிப்பாளர் பொறுமையாகக் கேட்டார், எழுதிக்கொண்டார். பிறகு வெளிப்படையாகச் சொன்னார்: தங்களால் பதிவுசெய்யலாம், இரு தரப்பிடமும் எடுத்துச் சொல்லலாம், கட்டளையிட முடியாது.

அந்த நேரத்தில், அவர் சார்ந்த இலங்கைப் போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவின் நிலையே ஆட்டம் கண்டிருந்தது. மே 29 ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. பதிலுக்கு, ஒன்றிய நாட்டுக் கண்காணிப்பாளர்கள் போக வேண்டும் என்று புலிகள் கேட்டார்கள். அந்தக் குழுவின் 57 கண்காணிப்பாளர்களில் 37 பேர் சுவீடன், டென்மார்க், பின்லாந்து நாட்டவர்கள். ஜூன் 8, 9 ஒஸ்லோவில் அரசாங்கத்துக்கும் புலிகளுக்கும் இடையே நடக்கவிருந்த சந்திப்பும், தூதுக்குழுக்கள் போய்ச் சேர்ந்த பிறகு நடக்காமல் போனது. மேல்மட்டத்தில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுவது, கீழே ஒரு மருந்துப் பெட்டிக்காக நிற்கிற எங்களுக்குச் செய்தித்தாள் பார்க்காமலே தெரிந்தது. காவலரணில் கேள்விகள் கூடின.

பட்டியலைப் பிரித்த முடிவு

கண்காணிப்பாளரின் பதிலைக் கேட்ட பிறகுதான் மருந்தாளர் சொன்ன வழிக்கு வந்தோம். இன்சுலின், ஊசி, பால்மா, மண்ணெண்ணெய் நான்கையும் மட்டும் தனித்தாளில் எழுதினோம். தறப்பாளும் கூரைத்தகடும் வேறு விண்ணப்பத்துக்குப் போயின. இதில் எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. வீடிழந்து மரத்தடியில் கிடக்கிற சனத்துக்குத் தறப்பாள் வேண்டாமா என்று ஒரு தோழர் கேட்டார். அவர் கேட்டது நியாயம். ஆனால் கூரைத்தகடு காப்பரண் கட்டவும் உதவும் என்று படையினர் நினைக்கும்வரை, அது இருக்கிற தாளில் இன்சுலினும் சேர்ந்து சிறைப்படும்.

மண்ணெண்ணெய்தான் சிக்கல் என்று எல்லோரும் சொன்னார்கள். எரிபொருள், விடமாட்டார்கள் என்றார்கள். மருந்தாளர் பின்னிணைப்பின் பிரதியொன்றை எங்கிருந்தோ எடுத்துவந்து மேசையில் விரித்தார். “டீசல் இருக்கு, பெற்றோல் இருக்கு. மண்ணெண்ணெய் எந்த வரியில இருக்கு எண்டு காட்டுங்கோ.” இல்லை. நாங்கள் வாசிக்காத தாளுக்குப் பயந்துகொண்டிருந்தோம். அடுத்த சந்திப்பில் மேஜரிடமும் அதே தாளைக் காட்டினோம். அவர் வாதாடவில்லை, மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். கேட்டுச் சொன்னார்: குறைந்த அளவு, அடைத்த கலனில், வைத்தியசாலைக்கு மட்டும்.

அதே தாள் எங்களுக்கு எதிராகவும் வேலைசெய்தது. இரத்தத்தில் சீனி பார்க்கும் சிறு கருவிகள் சில வைத்திருந்தோம். அவை பென்டோர்ச் பற்றரியில் ஓடுபவை. பற்றரி பட்டியலில் இருக்கிறது. அதற்காகச் சண்டை பிடிப்பதில்லை என்று முடிவெடுத்தோம். ஒரு தாளை நாங்கள் மதிக்கிறோம் என்று காட்டினால்தான் அதே தாளை அவர்களிடமும் நீட்டலாம். கருவிகளுக்குப் பதிலாக மருந்தாளர் பெனடிக்ட் கரைசல் போத்தல்களை வைத்தார். கரைசலில் சிறுநீர் சில துளியைச் சேர்த்துச் சுடவைத்தால் நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, சீனி மிகுந்தால் செங்கல் நிறத்துக்குப் போகும். பழைய முறை, துல்லியம் குறைவு. பற்றரி வேண்டாம்.

பெயர்ப் பட்டியல்

இந்த இடத்தில்தான் அதிக நாள் போனது, இதில்தான் அதிகம் கற்றோம்.

படைத்தரப்பு நோயாளிகளின் பெயர், ஊர், அடையாள அட்டை இலக்கம் கேட்டது. அவர்களுடைய கவலை விளங்காததல்ல. பால்மாவும் மருந்தும் போராளிகளின் முகாமுக்குப் போகாது என்பதற்கு யார் உத்தரவாதம்? பாதர் ஒருவர் எங்களோடு வந்திருந்தார். அவர் சிங்களத்தில் நேரடியாகவே பேசினார்: இந்தப் பட்டியலில் ஒரு பெயர் இருப்பதால் நாளைக்கு அந்தப் பிள்ளையை ஒரு சோதனைச் சாவடியில் இறக்கினால், அந்தப் பாவம் என்னுடைய தலையில். பெயர் தருவதில்லை என்று முடிவெடுத்தோம். ஊர்வாரியாக எண்ணிக்கை, வயது, ஆண் பெண் விவரம் கொடுத்தோம். பெயர்ப் பதிவேடு வைத்தியசாலையிலேயே இருக்கும். அந்த முடிவால் 9 நாள் தாமதம். கடிதம் எழுதியவர் சொன்ன 3 கிழமை அப்போது எப்போதோ முடிந்துவிட்டது. அந்த 9 நாளும் எனக்கு நித்திரை இல்லை. இருந்தும் அந்த முடிவு சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

மறுபக்கமும் லேசாக இருக்கவில்லை. பொருள்களைத் தங்கள் நிவாரண அமைப்பிடம் கையளிக்கும்படி புலிகளின் அரசியல்துறைப் பொறுப்பாளர் கேட்டார். சனத்துக்கு நாங்கள்தானே பொறுப்பு என்பது அவர் வாதம். அப்படிக் கையளித்தால் அடுத்த பெட்டி காவலரணைத் தாண்டாது என்று சொன்னோம். அதைவிட, வலிமையுள்ளவர் கையால் மருந்து பெறும் நோயாளி அவருக்குக் கடன்பட்டவராகிறார் என்பது எங்கள் உள்ளத்தில் இருந்த காரணம். அதை வெளியே சொல்லவில்லை. முடிவில், கிராம சேவகரும் மாதர் சங்கமும் கையெழுத்திட்டுப் பகிர்வது, அவர்கள் ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கலாம் என்பது இணக்கமானது.

வெற்றுக் குப்பிகளைத் திருப்பிக் கொண்டுவருவது மருந்தாளரின் யோசனை. போன குப்பி எத்தனை, பாவித்து வந்த வெற்றுக்குப்பி எத்தனை என்று ஒவ்வொரு முறையும் எண்ணிக் காட்டலாம். பெயர் கொடுக்க மறுத்த எங்களை மேஜர் நம்பத் தொடங்கியது அந்த வெற்றுக்குப்பிகளால்தான்.

பெட்டி போனது

ஜூன் முதல் பாதியில் முதல் பயணம். இந்த முறை அனுமதிக் கடிதம் மூன்று மொழியில், நான்கு பிரதி: பிரிகேட், காவலரண், மறுபக்கப் பொறுப்பாளர், எங்கள் கை. முதல் நாள் மாலை காவலரணுக்கு ஆள் அனுப்பி, சார்ஜனின் புத்தகத்தில் அது பதிவாகியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்தோம்.

பால்மாவும் மண்ணெண்ணெயும் லொறியில். லொறிக்காரர் மூதூரைச் சேர்ந்த முஸ்லிம் நானா ஒருவர். தமிழ் ஊர்களுக்கு அந்த நாளில் அவர் வண்டி விட்டதை அவருடைய பக்கத்திலேயே சிலர் விரும்பவில்லை. “பிள்ளைக்கிப் பால் கொண்டு போறதுக்கு யாருக்கிட்ட கேக்கணும்” என்று சொல்லிவிட்டு வந்தார்.

இன்சுலின் மூதூர் வரை கடலால் போனது. திருகோணமலை இறங்குதுறையில், மீன் ஏற்றும் ஒரு றெஜிபோம் பெட்டியை வாங்கிக் கழுவி, அடியில் ஐஸ், அதற்குமேல் மடித்த துவாய், அதற்குமேல் குப்பிகள். ஐஸ் நேரே பட்டு உறைந்தால் இன்சுலின் கெட்டுவிடும். சூடேறினாலும் கெடும். காவலரணில் ஒரு இளம் சிப்பாய் மூடியைத் திறந்தான். மீன் மணம் போகவில்லை, முகத்தைச் சுளித்தான். குப்பியொன்றை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்து, தன் அம்மாவும் இதுதான் போடுகிறாள் என்று பாதரிடம் சொன்னான். பெட்டி 11 நிமிடத்தில் தாண்டியது. முதல் முறை 4 மணித்தியாலம்.

குளிர்சாதனப் பெட்டியை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு மண்பானை முறையும் சொல்லிக்கொடுத்தோம். பெரிய பானைக்குள் ஈரமணல், அதற்குள் சிறு சட்டி, ஈரத்துணியால் மூடி நிழலில் வைப்பது. அங்குள்ள பெண்கள் இதை எங்களைவிட நன்றாகச் செய்தார்கள்.

ஜூன் 15 கெப்பித்திகொல்லாவையில் பஸ்ஸொன்று கண்ணிவெடியில் சிக்கி 60 பேருக்கு மேல் இறந்தார்கள். இறந்தவர்கள் சிங்கள ஊரவர்கள், குழந்தைகளும் இருந்தார்கள். அந்தக் கிழமை காவலரணுக்குப் போவதில்லை என்று நாங்களே நிறுத்தினோம். துக்கத்தில் இருப்பவர்களிடம் போய்ப் பிரிவு இலக்கம் காட்டக் கூடாது. அடுத்த கிழமை பாதரும் நானும் வெறுங்கையோடு போய் மேஜரைப் பார்த்துவிட்டு வந்தோம். பொருள் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஜூலை நடுப்பகுதிக்குள் மேலும் இரண்டு பயணம் போனது.

மாவிலாறும் அதன் பின்னும்

ஜூலை 20 அளவில், புலிகளின் பகுதியில் இருந்த மாவிலாற்று அணைக்கட்டின் மதகு மூடப்பட்டது. சேருவில, ஈச்சிலம்பற்று, மூதூர்ப் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் நின்றது. ஜூலை 26 விமானத் தாக்குதல் தொடங்கியது. 27 போகவிருந்த நாலாவது பெட்டியை நிறுத்தினோம். மூதூரில் இருந்த எங்கள் இரு பணியாளர்களையும் 28 காலை நகரத்துக்குக் கூப்பிட்டோம். ஒருவர் வந்தார். மற்றவர் மூதூரையே சொந்த ஊராகக் கொண்டவர், உம்மாவை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றார். அவரை நாங்கள் வற்புறுத்தவில்லை. வற்புறுத்த எங்களிடம் ஒரு விதி இருக்கவில்லை.

ஓகஸ்ட் 2 சண்டை மூதூர்ப் பட்டினத்துக்குள் வந்தது. பல்லாயிரம் முஸ்லிம் மக்கள் கந்தளாய்க்கும் கிண்ணியாவுக்கும் நடந்தார்கள். எங்கள் பணியாளரும் அந்தக் கூட்டத்தில் உம்மாவோடு நடந்து உயிர் தப்பினார். ஓகஸ்ட் 4 அன்று, பிரெஞ்சு உதவி நிறுவனமொன்றின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் மூதூரில் தங்கள் அலுவலக வளாகத்திலேயே சுட்டுக்கொல்லப்பட்டார்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். நிறுவனத்தின் பெயர் போட்ட சட்டையோடு கிடந்தார்கள். இறங்குதுறையில் படகுக்குக் காத்திருந்த நேரங்களில் கண்டு பழகி, அவர்களில் சிலரை எனக்குத் தெரியும்.

மதகைத் திறக்க நடந்த பேச்சு பற்றியும் சொல்ல வேண்டும். நோர்வேயின் சிறப்புத் தூதுவர் கிளிநொச்சியில் புலிகளோடு பேசி, திறக்கச் சம்மதம் வந்தது. ஓகஸ்ட் 6 போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவின் தலைவர் மதகை நோக்கிப் போகும்போது அந்தப் பகுதியில் எறிகணைகள் விழுந்தன. ஒரு தரப்பின் சம்மதத்தை மற்றத் தரப்பின் பீரங்கிக்குச் சொல்லிச் சேர்க்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டாம். மே மாதம் எங்கள் லொறி நின்றதும் அதே காரணத்தால்தான். அங்கே வெயில், இங்கே எறிகணை.

விளைவு

செப்டெம்பர் 4 சம்பூர் படையினர் வசமானது. கிழக்கு ஊர்களின் சனம் அதற்கு முன்பே ஈச்சிலம்பற்றுக்கும், பிறகு வெருகலைக் கடந்து வாகரைக்கும் போய்விட்டது. 2007 ஜனவரியில் வாகரையும் வீழ்ந்த பிறகு மட்டக்களப்பு முகாம்களில் எங்கள் நோயாளிகளைத் தேடினோம். பாதிக்கு மேற்பட்டவர்களைக் கண்டோம். இருவர் இறந்திருந்தார்கள். ஒரு அம்மாவின் மகள், சிறு சட்டியை ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்தே அம்மா வெருகல் ஆறு தாண்டினார் என்று சொன்னாள். சட்டி இருந்தது. குப்பி ஓகஸ்ட் கடைசியிலேயே முடிந்துவிட்டதாம். மற்றவர்கள் பற்றித் தகவல் கிடைக்கவில்லை.

இப்போதென்றால் என்ன மாற்றுவேன்

முதலாவது, கையிருப்பு. அனுமதி பயணத்துக்குப் பயணம் தனித்தனியாகக் கிடைத்ததால் நாங்களும் அந்தந்தப் பயணத்துக்கு அளந்து அனுப்பினோம். பாதை திறந்திருந்த ஜூன், ஜூலையில் மூன்று மாத மருந்துக்குக் கேட்டிருக்க வேண்டும். மேஜர் மறுத்திருக்கலாம். நாங்கள் கேட்கவே இல்லை. கிடைத்ததையும் கெடுத்துக்கொள்வோம் என்ற பயம்.

தெற்கே சேருநுவரப் பக்கத்தால் ஈச்சிலம்பற்றுக்கு இன்னொரு வழி இருந்தது. மூதூர்ப் பாதை நடக்கும்போதே அதற்கும் தனி அனுமதி எடுத்து வைத்திருந்தால், சனம் தெற்கே நகர்ந்த ஓகஸ்டில் ஒரு பெட்டியாவது போயிருக்கும்.

சட்டத்தைப் பற்றி: ஜெனீவா உடன்படிக்கைகளின் பொதுவான 3 ஆவது உறுப்புரை, பக்கச்சார்பற்ற அமைப்பொன்று இரு தரப்புக்கும் தன் சேவையை முன்வைக்கலாம் என்கிறது. இலங்கை அந்த உடன்படிக்கைகளை 1959இல் ஏற்றது. நிவாரணம் பற்றி விரிவாகப் பேசும் 1977 மேலதிக நெறிமுறையில் சேரவில்லை. ஆகவே கையில் இருந்த வலுவான தாள் போர்நிறுத்த உடன்படிக்கைதான். அதை முதல் நாளே முழுதாக வாசித்து, பின்னிணைப்போடு ஒப்பிட்டுப் பட்டியல் எழுதியிருந்தால் ஒரு மாதம் மிஞ்சியிருக்கும்.

2009இல் புதுமாத்தளனிலிருந்து காயப்பட்டவர்களைச் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு கப்பலில் கொண்டுவந்து முதலில் திருகோணமலையில்தான் இறக்கியது. பெப்ரவரி 10 முதல் மே 9 வரை, காயப்பட்டவரும் நோயாளரும் துணைக்கு வந்தவரும் சேர்ந்து 14,000க்குக் கிட்டிய பேர். ஒவ்வொரு பயணத்துக்கும் இரு தரப்பின் சம்மதம் வேண்டியிருந்தது. நேற்றுக் கிடைத்தது இன்றைக்குச் செல்லாது. துறைமுகத்தில் அந்தக் கப்பலுக்குக் காத்துநின்ற ஒரு மாலையில், பாதர் எங்கள் நான்கு பிரதிக் கடிதத்தை ஞாபகப்படுத்தினார்.

பணியாளர் விடயத்தில் மாற்றம் செய்துவிட்டோம். சண்டை எந்த அளவுக்கு வந்தால் யார் எந்த நேரத்தில் வெளியேறுவது என்பது இப்போது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். சொந்த ஊரில் வேலைசெய்பவருக்குக் குடும்பத்தோடு சேர்ந்து வெளியேற இடமும் செலவும் அதில் உண்டு. ஒவ்வொரு பயணத்தின் கடிதத்திலும் கடைசியில் ஒரு பத்தி சேர்க்கிறோம்: இரவு 10 மணிக்குப் பிறகு எந்தத் தரப்பில் யாரை எழுப்பலாம், அவர் எழும்பாவிட்டால் அடுத்து யார். பயணத்துக்கு முதல் நாள் இரவு அந்த இலக்கங்களுக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பது இணைப்பாளரின் வேலை. யாரும் எடுக்காவிட்டால் மறுநாள் லொறி புறப்படாது.